கடலுக்குள் ஒரு நடவு

கோட்டைப்பட்டினத்துக் கடலைப் பார்க்க ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் எரிச்சல் வரும். "எங்கடி, அலையவே காணோம்?" என்பார்கள். நான்தான் அலையை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்பது போல ஒரு பார்வை வேறு. எங்கள் கடலில் அலை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. சினிமாவில் ஓடிப் பிடித்து விளையாடுகிற மணலும் கிடையாது. கறுப்புச் சேறு, அதன்மேல் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், எவ்வளவு தூரம் நடந்தாலும் அதே முழங்கால் அளவு. வந்த பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகும். கடைசியில் நல்ல நண்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவோம்.

கடல்தான் சும்மா கிடக்குமே தவிர ஊர் சும்மா இருக்காது. விசைப்படகுகளுக்குச் சில நாள், நாட்டுப்படகுகளுக்குச் சில நாள் என்று முறை வைத்துத் தொழிலுக்குப் போகிறார்கள். எவருடைய நாளாக இருந்தாலும் ஐஸ் உடைக்கிற சத்தம் ஒன்றுதான். அப்புறம் டீசல் கேன்கள் உருளும். அப்புறம் மீன் ஏற்ற வந்த லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கீச் கீச்சென்று கத்தும். இத்தனைக்கும் நடுவில், படகுகள் அணைகிற ஜெட்டிக்குப் போகிற சாலையில் எங்கள் மெடிக்கல். நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஷட்டருக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் உப்புக்காற்று தின்றுவிடும். அதை ஏற்றி இறக்குகிற சத்தத்துக்கே எனக்கு ஒரு தலைவலி மாத்திரை வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது வல்லத்திராக்கோட்டைப் பக்கம். வயலும் கண்மாயும் தவிர வேறு தெரியாத வீடு. கல்யாணமாகி இங்கே வந்து இவ்வளவு காலமாகியும் இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டதா இல்லையா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. உட்கார்ந்த இடத்தில் உட்காரவும் எனக்குத் தெரியாது. கடையில் ஆள் இல்லையென்றால் அலமாரியைத் துடைப்பேன். துடைத்ததை மறுபடி துடைப்பேன். "ஒனக்குக் கால்ல சக்கரம்டி" என்பார் வீட்டுக்காரர். அவர் வேறு ரகம். கூரை தீப்பிடித்தாலும் கையில் இருக்கிற டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். என் காலில் இருக்கிற சக்கரம் எங்கிருந்து வந்தது என்பது அப்பா எங்களோடு வந்து தங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு மறதி. முதலில் சாவி வைத்த இடத்தை மறந்தார். பிறகு சாப்பிட்டதை மறந்தார். பிறகு அம்மா செத்துப்போனதை மறந்தார். ஒருநாள் பக்கத்து வயல்காரர் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, "என்ன, இன்னுமா சோறு வேகல?" என்று அதட்டியிருக்கிறார். அவர்கள் நல்ல மனிதர்கள். சோற்றைப் போட்டுவிட்டு எனக்கு போன் செய்தார்கள். உடன்பிறந்தவன் ஒரே தம்பி, அவன் குவைத்தில் இருக்கிறான். நான்தான் போய் வீட்டைப் பூட்டி அப்பாவை அழைத்து வந்தேன்.

வந்த அன்று சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கண்மாய் நெறஞ்சு கெடக்கே ஆத்தா" என்றார். என்னை அவர் சின்ன வயசிலிருந்தே ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். "இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு ஒருத்தனும் மடையத் தொறக்கலையே. என்ன ஊரு இது?"

"அப்பா, இது கடல்ப்பா."

"கடலாவே இருக்கட்டும். அதுக்கு ஒரு மடை இருக்காதா?"

பக்கத்து வீட்டுப் பெண் அப்போது எங்களோடு இருந்தாள். நாட்டுப்படகுக்காரர் ஒருவரின் மனைவி. என்னைவிடச் சின்னவள். வலையை வாசலில் விரித்துப்போட்டு, சிக்கின நண்டை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் அவளுக்குக் காலை வேலை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாளிலிருந்து அப்பாவைப் பார்த்ததும், "என்னங்கய்யா, மடை தொறந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவரும் ரொம்பப் பொறுப்பாக, "எங்க புள்ள, ஆளு வரணுமே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தி தடுமாறின மனிதரை வைத்து என்ன விளையாட்டு என்று ஒருநாள் அவளிடம் கேட்டே விட்டேன்.

"வெளாட்டு இல்லக்கா. நீங்க இல்ல இல்லன்னு சொல்றப்ப அவரு மொகம் சுருங்கிப்போகுது. நான் கேட்டா சிரிக்கிறாரு. விடுங்க" என்றாள். நான் போய் அலமாரியைத் துடைத்தேன்.

சிரித்த முகமாக இருக்கிற நேரம் கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் அவருக்கு இருப்புக் கொள்ளாது. உட்காருவார், எழுவார், வேட்டியை மடித்துக் கட்டுவார். "மம்பட்டி எங்க?" என்பார். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பேன். அந்த நாற்காலி கிரீச்சிட்டால் போதும், மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருக்கிற என் காது அங்கே ஓடிவிடும். கொஞ்சம் அசந்தால் மேற்கே பார்த்து நடையைக் கட்டிவிடுவார். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய், வருகிற பஸ்ஸில் ஏறி, ஊருக்கு ஒரு டிக்கெட் என்பார். அந்த வழியில் ஓடுகிற கண்டக்டர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரிந்துபோனது. "அக்கா, ஒங்க அப்பா வந்திருக்காரு, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வரும்.

கூட்டிவந்து கத்துவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். பஸ் மோதியிருந்தால் என்னாவது, லாரிக்காரன் பார்க்காமல் வந்தால் என்னாவது என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, பின்னால் போய் அழுவேன். அப்பா அங்கேயும் வந்து நிற்பார். "யாரு ஒன்னையத் திட்டுனா? சொல்லு, நான் கேக்குறேன்" என்பார். அந்த நேரத்தில் சிரிப்பதா அழுவதா என்றே தெரியாது.

தம்பி விடாமல் போன் செய்தான். திருச்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தான். இந்த மாதிரி மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளவே ஆட்கள் இருக்கிறார்களாம், சுற்றிலும் மதில் சுவராம், டாக்டர் வந்து பார்ப்பாராம். அவன் கெட்டவன் இல்லை. அங்கே வெயிலில் நின்றுகொண்டு இங்கே நடப்பதை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடக்கிறவன்தான். "நீ கடையப் பாப்பியா, அப்பாவப் பாப்பியா? அவருக்கு எங்க இருக்கோம்னே தெரியாதுக்கா. அப்பறம் எங்க இருந்தா என்ன?" என்றான்.

சண்டை போட்டேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாதவரை எங்கே விட்டாலும் அவருக்கு வலிக்கப்போவதில்லை. யோசிக்க யோசிக்க அது நியாயமாகப் பட்டது. ஒருநாள் முழுக்க நாற்காலிச் சத்தத்தைக் கேட்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆசையாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னான், இல்லையென்றால் இடம் போய்விடுமாம்.

அப்போது ஆடி மாதம். ஆடியில் மேற்கிலிருந்து காற்று கிளம்பி ஊரையே புரட்டிப்போடும். கச்சான் என்பார்கள் அதை. கடையில் ஒரு காகிதம் நிற்காது. பேசினால் வாயில் மண் விழும். அந்தக் காற்று சில நாள் தண்ணீரையும் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். காலையில் கடல் இருந்த இடத்தில் மத்தியானம் வெறும் சேறு மின்னிக்கொண்டு கிடக்கும். கட்டிப்போட்ட படகுகள் ஒருச்சாய்ந்து படுத்திருக்கும். கடல் உள்வாங்கியது என்று டிவியில் ஓடும். உடனே வல்லத்திராக்கோட்டையிலிருந்து சித்தி, அத்தை எல்லோரும், "சுனாமியாம்ல, கெளம்பி வந்துருங்கடி" என்று போன் போடுவார்கள். இங்கே யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். காற்று தணிந்தால் தண்ணீர் தானாக வந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் காற்று. வீட்டுக்காரர் சரக்கு எடுக்க அறந்தாங்கி போயிருந்தார். தம்பிக்கு விடுமுறை, அதனால் மத்தியானமே கூப்பிட்டுவிட்டான். கடையில் ஒருவர் மாத்திரைக்கு நின்றுகொண்டிருந்தார். கை ஒழியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே பேசினேன். அவன் திருச்சி என்றான். நான் பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கத்தினான். நானும் கத்தினேன். மாத்திரை வாங்க வந்தவர் பாவம், மீதிச் சில்லறையைக்கூடக் கேட்காமல் போய்விட்டார். ஒருவழியாகப் பேசி முடித்து நிமிர்ந்தால் நாற்காலி காலியாக இருந்தது. காற்றுச் சத்தத்தில் அது கிரீச்சிட்டதே எனக்குக் கேட்கவில்லை.

ஷட்டரைக்கூட இறக்காமல் மேற்கே ஓடினேன். அவர் அந்தப் பக்கம்தானே போவார். பஸ் நிற்கிற இடத்தில் இல்லை. ஆட்டோக்காரர்களிடம் கேட்டேன், பார்க்கவில்லை என்றார்கள். அப்போதுதான் ஒரு பஸ் கிளம்பிப் போயிருந்தது. அதில் ஏறியிருப்பாரோ என்று அந்தக் கண்டக்டருக்கு போன் செய்ய இடுப்பைத் தொட்டேன். போன் கடையிலேயே கிடந்தது. என்னை நானே திட்டிக்கொண்டு திரும்பி ஓடிவரும்போது பாதி வழியில் பக்கத்து வீட்டுப் பெண் எதிரே ஓடிவந்தாள். முழங்காலுக்கு மேல் சேறு.

"அக்கா, இங்கிட்டு வாங்க! ஒங்க அப்பா கடலுக்குள்ள நடவு நட்டுக்கிட்டு இருக்காரு. கையப் பிடிச்சு இழுத்தேன், ஒதறிவிட்டுட்டாரு. நம்ம ஆளுக ஒருத்தரும் கரையில இல்லக்கா, எல்லாரும் தொழிலுக்குப் போயிருக்காங்க."

கரைக்கு வந்து பார்த்தேன். தண்ணீர் வடிந்த சேறு, உழுது பரம்படித்து நடவுக்குத் தயாராக வைத்த வயல் மாதிரியே பளபளத்துக் கிடந்தது. இத்தனை வருஷம் நான் அதைப் பார்த்திருக்கிறேன், அப்படித் தோன்றியதே இல்லை. அதில் வெகுதூரத்தில் அப்பா குனிந்து நின்றிருந்தார். கரையில் ஒதுங்கிக் கிடந்த கடல்புல்லை அள்ளி இடது கையில் நாற்று முடிபோலப் பிடித்திருந்தார். வலது கையால் கொஞ்சம் பிரிப்பார், சேற்றில் ஊன்றுவார், பிரிப்பார், ஊன்றுவார். அவருக்கு முன்னால் வரிசை வரிசையாகப் பச்சை நின்றது. நடவு எங்கள் பக்கம் பெண்கள் வேலை. அப்பா நட்டு நான் பார்த்ததே இல்லை. வரப்பில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார் போல. வரிசை கொஞ்சமும் கோணவில்லை.

அதெல்லாம் பார்த்து ரசிக்கிற நிலைமையில் நான் இல்லை. நடவு நடுகிறவர்கள் முன்னால் போக மாட்டார்கள். நட்டதை மிதிக்காமல் பின்னால் பின்னால்தான் போவார்கள். அப்பா முகம் கரையைப் பார்த்திருந்தது, முதுகு கடலைப் பார்த்திருந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஓரடி பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் கொஞ்ச தூரத்தில், படகுகள் ஜெட்டிக்கு வந்துபோகத் தோண்டின வாய்க்கால். எவ்வளவு தண்ணீர் வடிந்தாலும் அதில் ஆள் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும். அப்பாவுக்கு நீச்சல் தெரியும், ஆனால் அது எந்தக் காலத்து நீச்சல். காற்று வேறு தணியத் தொடங்கியிருந்தது. தண்ணீர் திரும்பி வருகிற நேரம்.

"அப்பா! இங்க வாங்கப்பா! அது கடல்ப்பா!" தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டதோ கேட்கவில்லையோ, நிமிரவில்லை. இன்னொரு அடி பின்னால் வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் நேராக ஓடிப்போய் இழுத்துவரலாம் என்றுதான் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முன்னாடி போகாதீங்க. நான் போனதும் நட்டத மிதிக்கிறேன்னு அவருக்குக் கோவம் வந்து, வேகமாப் பின்னாடி போனாருக்கா."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. நடுகிறவர்கள் எங்கே நிறுத்துவார்கள்? பின்னால் வரப்பு தட்டினால் நிறுத்துவார்கள். அவர் நட்ட வரிசைகளை விட்டு ஒதுங்கி, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது லேசு. ஒவ்வொரு காலையும் கையால் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. செருப்பு இரண்டும் சேற்றோடு போய்விட்டது. சிப்பி கிழித்தது. ஒரு இடத்தில் முகம் குப்புற விழுந்து எழுந்தேன். அவர் மூழ்கிவிடுவார் என்று பயம், மூழ்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று மனசின் ஒரு மூலையில் ஒரு நினைப்பு. அந்த நினைப்பு வந்ததும் என்னையே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வாய்க்கால் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சேறு காலடியில் வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. அப்பாவின் முதுகு எனக்கு நேராக இருந்தது. அவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டேன். கூப்பிடவில்லை. அவர் நட்டுக்கொண்டே வந்தார். பிரித்தார், ஊன்றினார், ஓரடி வைத்தார். முணுமுணுத்துக்கொண்டும் வந்தார். நடவாள் ஒருத்தியும் வரவில்லை, எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது என்று யாரையோ குறைசொன்னார். அவர் உடம்பு என் காலில் வந்து முட்டியது. குனிந்தபடியே பின்னால் கையைவிட்டுத் துழாவினார். சேற்றுக் கை என் கெண்டைக்காலைப் பிடித்தது.

"வரப்பா?" என்றார்.

"வரப்புதாம்ப்பா. முடிஞ்சிருச்சு" என்றேன்.

இடுப்பில் கையை ஊன்றி மெல்ல நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். சேறும் கண்ணீருமாக எப்படி இருந்தேனோ. "நீயா ஆத்தா? நீ எதுக்குச் சேத்துல எறங்குன?" என்று பதறிப்போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். அதுவும் சேறாகத்தான் இருந்தது.

நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, நட்டதைச் சுற்றி நடத்திக் கொண்டுவந்தோம். "நல்லா நட்டிருக்கீங்கய்யா. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை நான் அவளைத் தடுக்கவில்லை. பின்னால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஊன்றினதெல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதக்கத் தொடங்கியிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. வாய் ஓயாமல் எதையோ பேசிக்கொண்டே கரையேற்றினேன்.

கடைக்குப் பின்னால் குழாயடியில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்துக் காலைக் கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் சேறு. கடைக்குள் போன் அடித்து அடித்து நின்றது. தம்பியாகத்தான் இருக்கும். இனிமேல் யோசிக்க என்ன இருக்கிறது, சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். மதில் சுவர் இருக்கிற இடமாவது அவரைக் காப்பாற்றும். கடலையும் வயலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரை இந்த ஊரில் வைத்துக்கொள்வது அவரைக் கொல்வதற்குச் சமம். அப்படித்தான் நினைத்துக்கொண்டே தேய்த்துக் கழுவினேன்.

"அந்தத் திருச்சி எடத்துல தண்ணி எப்படி?" என்றார் அப்பா.

என் கை நின்றுவிட்டது. "எந்த எடம்ப்பா?"

"தம்பி சொன்ன எடந்தான். என்னையக் கொண்டுபோய் விடப் போறீங்கள்ல." குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. குத்தகைக்குப் பேசிய நிலத்தைப் பற்றி விசாரிக்கிற குரல். "போர்த் தண்ணியா, கண்மாய்ப் பாசனமா?"

அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, நானும் தம்பியும் கத்தினதை ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போயிருக்கிறார். குழாயை மூடாமல், அவர் பாதத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"அங்க தண்ணி சரியில்லப்பா" என்றேன்.

"அப்ப அது வேண்டாம்னு சொல்லிரு ஆத்தா" என்றார். "தண்ணி இல்லாத எடத்துல போயி நான் என்னத்தப் பண்ணுறது?"

கடைக்குள் போன் மறுபடி அடித்தது. ஈரக் கையோடு போய் எடுத்துத் தம்பியிடம் அதையேதான் சொன்னேன்.